லியோனார்ட் வேதியியல் ஆங்கிலத்தில் தேறிய வரலாறு

என் கணவர் லியோனார்டின் கண்ணில் தெறித்தது என்ன என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். டாக்டருக்குத் தெரியும், தாதிகளுக்குத் தெரியும், தரை துடைக்க வந்த அம்மாவுக்குக்கூட அவர் சட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யாருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அதை லியோனார்ட் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லி, அதற்குப் பொருள் விளக்கமும் கொடுத்து, பரீட்சையில் தேற வேண்டும். அதுவரைக்கும் அது அவர் கண்ணில் படவே இல்லை என்பதுதான் நிறுவனத்தின் நிலைப்பாடு.

நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உச்சரிப்பு சரியில்லை என்று ஆள் அனுப்புவார்கள். பாசீர் கூடாங் தொழிற்பேட்டையில் இருக்கிறது. மாசாயில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் அதன் புகைபோக்கி தெரியும். லியோனார்டுக்கு அங்கே தொட்டி கழுவும் பிரிவில் வேலை. பீப்பாயிலிருந்து காஸ்டிக் சோடாவைக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டு, உள்ளே படிந்திருப்பதைக் கரைத்து எடுக்க வேண்டும். நான் ஒரு கடையில் திரைச்சீலை தைக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. பேங்கில் பேசுவோம், சிங்கப்பூரில் வேலை செய்கிற மச்சானின் முதலாளி வந்தால் பேசுவோம். ஆனால் அது கல்விசார் ஆங்கிலம் இல்லையாம். அது வெறும் பேச்சாம்.

போன வருடம் ஜொகூர் பாருவில் இருக்கிற மொழித்தகுதி மையம் ஒன்றோடு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது. இனிமேல் பீப்பாயைத் தொடுகிற ஒவ்வொருவரும் ‘கல்விசார் ஆங்கிலத் தேர்வு: அடிப்படை வேதியியல் சொற்கள்’ என்ற பரீட்சையில் தேற வேண்டும் என்றார்கள். தொடக்க விழா கேண்டீனில் நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லிச் சாப்பிட மீ ஹூன் சேமியா போட்டார்கள். மையத்தின் இயக்குநர் டாக்டர் ரூபினி வந்து பேசினார். அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சொல்லுக்கு டாக்டர்.

“ஒரு தொழிலாளி ஆபத்தில் மாட்டிக்கொண்டால் ‘ஐயோ’ என்று கத்துகிறார். எல்லா நாட்டிலும் கத்துகிறார்கள். அதனால் யாருக்கு என்ன தெரியவருகிறது?” என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். “தன் ஆபத்தை உலகத்தரமான சொற்களில் எடுத்துரைக்கும் தொழிலாளியை உருவாக்குவதே எங்கள் கனவு. விபத்தைக் குறைப்பது எங்கள் துறை அல்ல. விபத்தின் தரத்தை உயர்த்துவதே எங்கள் துறை.”

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். மீ ஹூன் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே பீப்பாய்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு அடித்தார்கள். தேறாதவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. பீப்பாய்களில் இருந்த மலாய் எச்சரிக்கையையும், வெந்துபோன கை படத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அவை இருந்தால் ஆட்கள் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களாம், ஆங்கிலம் கற்க மாட்டார்களாம்.

முதல் பரீட்சையில் தீபன் என்ற பையன் ஒருவன் மட்டும் தேறினான். அவ்வளவு நல்ல ஆங்கிலத்தைப் பீப்பாய் உருட்டி வீணாக்கக் கூடாது என்று மறுநாளே அவனை ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, மஞ்சள் கோட்டுக்குள் வேலை பார்த்த அத்தனை பேரும் தேறாதவர்கள். தேறாதவர் உள்ளே போகக்கூடாது என்பது விதி. யாராவது உள்ளே போனால்தான் தொட்டி கழுவ முடியும் என்பது நடைமுறை. விதியைச் சுவரில் ஒட்டினார்கள். நடைமுறையைச் சூப்பர்வைசர் வாயால் சொன்னார்.

சனிக்கிழமை தோறும் கேண்டீனில் வகுப்பு. சொல்லிக்கொடுக்க டாரில் வந்தார். கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே நின்றாலும் வியர்த்துக்கொண்டே இருப்பார். அவர் எங்கள் மாசாய்ப் பிள்ளைதான். அவருடைய அம்மா வீட்டுத் திரைச்சீலை முழுக்க நான் தைத்தது. கடையில் பார்த்தால் “ஆண்ட்டி, சாப்டாச்சா?” என்று கேட்பார். வகுப்பில் மட்டும் அவருக்குத் தமிழ் தெரியாது. யாராவது தமிழில் சந்தேகம் கேட்டால், ஏதோ பறவை கத்துகிறது என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

லியோனார்டுக்கு எழுத்து ஓடாது. காதால் கேட்டால் பிடித்துக்கொள்வார். அதனால் வீட்டில் நாங்கள் எங்களுக்குத் தெரிந்த வழியில் படித்தோம். மாலையில் நாங்கள் ஜெபமாலை சொல்வது வழக்கம். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை நான் சொல்வேன், இரண்டாம் பாதியை அவர் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். முதல் பாதியை அவர் வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெபமாலை முடிந்த சூட்டோடு புத்தகத்தை எடுப்பேன்.

“ஆன் ஆசிட் இஸ் எ சப்ஸ்டன்ஸ் விச்” என்று நான் நிறுத்துவேன்.

“டர்ன்ஸ் ப்ளூ லிட்மஸ் ரெட், ஆமென்” என்பார்.

“ஆமென் வேணாங்க. மார்க்கக் குறைச்சிருவாங்க.”

“வாயில வந்துருது, என்னா பண்றது?”

இப்படியே புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் பரீட்சை எழுத்துப் பரீட்சை. எழுதிய தடவையெல்லாம் தோற்றார். தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை வழக்கம் போல மஞ்சள் கோட்டுக்குள் போய் வேலை பார்த்தார்.

அப்படி ஒரு திங்கட்கிழமைதான் குழாய் கழன்றது. முகத்தில் முழுசாக அடித்துவிட்டது. கூட வேலை செய்தவர்கள் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப்போய் கழுவியிருக்கிறார்கள். அவர் ‘ஐயோ, ஐயோ’ என்றுதான் கத்தினாராம். அத்தனை சனிக்கிழமைகளும் வீண்.

இடது கண் அன்றைக்கே போய்விட்டது. வலது கண்ணைப் பற்றி ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர் எனக்கு நிதானமாகச் சொன்னார்.

“அம்மா, இந்தச் சோடா கழுவினதோட நிக்காது. உள்ள போயித் தின்னுகிட்டே இருக்கும். கண்ணு மேல ஒரு சவ்வு வெச்சுத் தெச்சா வலது கண்ணக் காப்பாத்த வாய்ப்பு இருக்கு. அந்த ஆபரேஷன் இங்க இல்ல. கோலாலம்பூருக்குப் பேர் எழுதிப் போடுறேன், ஆனா வரிசை நீளம். டவுன்ல பிரைவேட்ல செய்யலாம். கம்பெனி ஜிஎல் குடுத்தா உடனே செஞ்சிருவாங்க. சீக்கிரம் வாங்குங்க.”

ஜிஎல் என்றால், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று நிறுவனம் கொடுக்கிற உத்தரவாதக் கடிதம். வேலையில் அடிபட்டால் கேட்காமலே வரவேண்டியது. நான் கேட்டேன். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கமலநாதன் நேரிலேயே வந்துவிட்டான். நல்ல பையன். ஆஸ்பத்திரிக் கேண்டீனில் எனக்கு ஒரு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

“அக்கா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சிஸ்டத்துல பாத்தா, அண்ணே அங்க இல்லக்கா.”

“எங்க இல்ல?”

“மஞ்சக் கோட்டுக்குள்ள. பாஸ் பண்ணாதவங்க உள்ள போக முடியாது. அண்ணே பாஸ் பண்ணல. அப்ப அவரு உள்ள போயிருக்க முடியாது. உள்ள போகாத ஆளுக்கு உள்ள வெச்சு எப்படிக்கா அடிபடும்?”

“அப்ப கண்ணு எப்படிய்யா வெந்துச்சு?”

“அதத்தான்கா நாங்களும் விசாரிச்சுகிட்டு இருக்கோம்.”

“சூப்பர்வைசர்தான உள்ள போகச் சொன்னாரு? அவரையே கேளு.”

“அவரும் பாஸ் பண்ணலக்கா. அவரு சொன்னது செல்லாது.”

அந்தத் தே தாரிக்கை அவன் மூஞ்சியிலேயே ஊற்றியிருப்பேன், ஆனால் பாதியை ஏற்கெனவே குடித்திருந்தேன். அவனே பாவப்பட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஒரே ஒரு வழி இருக்குக்கா. அண்ணே இப்ப பாஸ் பண்ணிட்டா, சர்டிபிகேட் வகுப்புல சேந்த நாள்லேருந்து செல்லும். அப்ப அன்னைக்கு அவரு உள்ளதான் இருந்தாருன்னு ஆயிரும். உள்ள இருந்தா வேலையில அடி. வேலையில அடின்னா நான் உடனே ஜிஎல் போட்டுருவேன். எப்படியாச்சும் பாஸ் பண்ண வெச்சிருங்கக்கா, பிளீஸ் லா.”

கண் போன மனிதனைப் பரீட்சையில் தேறவைத்தால் கண் வரும். புரிந்துவிட்டது. பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போனேன்.

மையம் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது. ‘இங்கே கனவுகள் உச்சரிக்கப்படும்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. டாக்டர் ரூபினி என்னை உட்காரச் சொன்னார். நான் தமிழில் சொன்னதை முழுவதும் கேட்டார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

“எங்க கேண்டிடேட் ஒருத்தருக்கு இப்படி ஆயிருச்சேன்னு ரொம்ப வேதனையா இருக்கு, மேடம். அவர் எந்த பேண்ட்ல இருந்தார்?”

“தொட்டி கழுவுற பேண்ட்ல.”

“நோ, நோ. பரீட்சையில எந்தத் தரம்னு கேட்டேன்.”

“பெயில்.”

“அதான்” என்று பெருமூச்சு விட்டார். அதான் என்றால் எது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் எழுந்து நின்று, கேண்டீனில் பேசிய குரலில் பேசினார். “இந்த மையம் மனிதாபிமானம் உள்ள மையம். கேண்டிடேட் வர முடியாவிட்டால் பரீட்சை அவரைத் தேடிப் போகும். கண்ணில் குறை இருப்பதால் விசேஷச் சலுகையும் தருகிறோம். கேள்வித்தாளைப் பெரிய எழுத்தில் அச்சடிப்போம்.”

“மேடம், அவருக்கு ரெண்டு கண்ணும் கட்டியிருக்கு.”

“ரொம்பப் பெரிய எழுத்து” என்றார்.

சொன்னபடியே டாரில் வார்டுக்கு வந்தார். ‘தேர்வு நடைபெறுகிறது’ என்ற பலகையைச் டிரிப் பாட்டில் தொங்கவிடுகிற கம்பியில் மாட்டினார். சுவர்க் கடிகாரம் போல ஒன்றைக் கொண்டுவந்து லியோனார்டின் காலடியில் வைத்தார், அவருக்கு நேரம் தெரியவேண்டுமாம். மேஜை விரிப்பு அளவுக்கு இருந்த கேள்வித்தாளை அவர் நெஞ்சின் மேல் விரித்தார். ‘கேண்டிடேட் ஆரம்பிக்கலாம்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

லியோனார்ட் தாளைத் தடவிப் பார்த்தார். “சார், எழுத்து பெருசாத்தான் இருக்கும் போல. கட்டு அதவிடப் பெருசா இருக்கு சார்.”

டாரில் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“தம்பி, நீயே வாசிச்சுக் காட்டேன்யா. எல்லாம் அவருக்கு மனப்பாடம்” என்றேன் நான்.

டாரில் என் பக்கத்தில் குனிந்து, உதடு அசையாமல், அவசரத் தமிழில் சொன்னார். “ஆண்ட்டி, இது ரீடிங் பேப்பர். நான் வாசிச்சா அது லிசனிங் பேப்பர் ஆயிரும். என் வேல போயிரும் ஆண்ட்டி.” நிமிர்ந்ததும் மறுபடி தமிழ் தெரியாதவர் ஆகிவிட்டார். நேரம் முடியும் வரை உட்கார்ந்திருந்தார். லியோனார்ட் தாளுக்கு அடியில் வியர்த்துக் கிடந்தார். போகும்போது டாரில் அறிக்கையில் எழுதினார்: கேண்டிடேட் கேள்விகளைப் பார்க்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

மறுபடியும் பஸ். மறுபடியும் டாக்டர் ரூபினி. இந்தத் தடவை ஒரு நல்ல செய்தி இருந்தது. காதால் கேட்டு வாயால் சொல்கிற பரீட்சை ஒன்று மையத்தில் இருக்கிறதாம். காதுக் கருவிகளெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்து பெட்டியில் இருக்கின்றனவாம்.

“அதக் குடுங்க மேடம்! அதுல அவரு கட்டாயம் பாஸ் பண்ணிருவாரு.”

“கண்டிப்பா. பார்வை நிரந்தரமா போயிருச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அன்னைக்கே வைப்போம்.”

“நிரந்தரமா இன்னும் போகல மேடம். போயிறக் கூடாதுன்னுதான் இந்தப் பரீட்சையே.”

“அது உங்க நோக்கம், மேடம். பரீட்சைக்குன்னு ஒரு நோக்கம் இருக்கு. தற்காலிகமா கண்ணு தெரியாதவங்களுக்கெல்லாம் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கண்ணக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்துருவாங்க. ஸ்டாண்டர்ட் என்ன ஆகுறது?” மேஜை மேல் இருந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “இருந்தாலும் எதுக்கும் ஒரு சைன் போட்டு வைங்க. நிரந்தரம்னு ஆனதும் ஆஸ்பத்திரியே எங்களுக்கு நேரா தகவல் அனுப்பிரும். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்.”

கையெழுத்துப் போட்டேன். எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாதவள் எல்லாக் கதவையும்தானே தட்டுவாள்.

திரும்பி வந்து டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நிரந்தரம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பரீட்சை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றேன்.

“எழுதலாம்மா. ஆனா செத்துப் போன கண்ணுக்கு எதுக்கு ஆபரேஷன்னு கேட்டு ஜிஎல் குடுக்க மாட்டாங்களே” என்றார் அவர். அவருக்கே அழுகை வரும் போல இருந்தது. “நாள் ஓடுதும்மா. கண்ணு மங்கிகிட்டே வருது.”

கண் நிரந்தரமாகப் போனால்தான் என்ற அந்த விதியைப் பற்றி லியோனார்டிடம் நான் மூச்சு விடவில்லை. காதால் கேட்கிற பரீட்சை இப்போதைக்குக் கிடையாதாம் என்று மட்டும் சொன்னேன். “பரவால்ல, வேற எதாச்சும் வெப்பாங்க” என்றார். அவருக்கு எப்போதுமே எல்லோர் மேலும் நம்பிக்கை.

கமலநாதன் எங்கெங்கோ பேசி, நேர்முகப் பேச்சுத் தேர்வு ஒன்றுக்கு மையத்தைச் சம்மதிக்க வைத்தான். கண் வேண்டாம், தாள் வேண்டாம். கேண்டிடேட் தனக்குத் தெரிந்த சொற்களுக்குத் தானாகவே விளக்கம் சொல்ல வேண்டும். நாங்கள் கட்டிலிலேயே பயிற்சியைத் தொடங்கினோம். நான் முதல் பாதி, அவர் இரண்டாம் பாதி. பக்கத்துக் கட்டிலில் ஐயாசாமி என்ற பெரியவர் இருந்தார். பெக்கோக் பக்கம் எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரையில் கண் கெட்டு வந்திருந்தார்.

“எந்தச் சாமிம்மா இது? ஆசிட்டு ஆசிட்டுன்னு கும்பிடுறீங்க?” என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். “அடக் கொடுமையே!” என்றார். அதற்குப் பிறகு நான் முதல் பாதியை எடுத்தால் அவரும் சேர்ந்துகொள்வார். இரண்டே நாளில் நாலு கட்டில் தள்ளிப் படுத்திருந்த சீனக் கிழவர்கூட “ஆன் ஆசிட் இஸ்” என்று ஆரம்பித்துவிட்டார். மருந்து வண்டி தள்ளி வருகிற தாதி காரத்துக்கும் உப்புக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே மாத்திரை கொடுத்தார்.

தேர்வு நாளில் என்னை வார்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள், சொந்தக்காரர் இருக்கக்கூடாதாம். டாரில் உள்ளே போய் உட்கார்ந்தார். தேர்வாளர் ஒரு சொல்கூடச் சொல்லக்கூடாது என்பது விதி. ‘ஆரம்பிக்கலாம்’ என்றதோடு அவர் வாய் மூடிக்கொண்டார்.

சத்தமே இல்லை. நான் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் இந்த மனிதர் பேசவில்லை? எல்லாம் தெரியுமே? அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலமாக், அவருக்கு ஆரம்பிக்கத் தெரியாது! இருபது வருடத்துக்கு மேல் ஆரம்பித்ததெல்லாம் நான். அவர் அங்கே கட்டுப்போட்ட முகத்தோடு, முதல் பாதி வரும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறார்.

திடீரென்று ஐயாசாமியின் குரல் கேட்டது. “ஆன் ஆசிட் இஸ் எ சப்ஸ்டன்ஸ் விச்!”

“டர்ன்ஸ் ப்ளூ லிட்மஸ் ரெட்!” என்றார் லியோனார்ட். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? பிறகு நிற்கவே இல்லை. பெரியவர் எடுக்க எடுக்க இவர் முடித்தார். பெரியவருக்கு மறந்தபோது சீனக் கிழவர் எடுத்தார். வார்டே சேர்ந்து என் புருஷனைப் பரீட்சைக்குள் தள்ளிக்கொண்டு போனது.

முடிவு மூன்று வரியில் வந்தது. கேண்டிடேட் எந்த வாக்கியத்தையும் தாமாகத் தொடங்கவில்லை, ஆகவே தோல்வி. வார்டு தேர்வு மண்டபமாகத் தகுதி இழக்கிறது. திரு. ஐயாசாமி ஐந்து ஆண்டுகளுக்கு எந்த ஆங்கிலப் பரீட்சையும் எழுதத் தடை விதிக்கப்படுகிறார்.

“எழுபத்தி நாலு வயசுல எனக்குத் தடையாம்லா!” என்று ஐயாசாமி பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். லியோனார்டும் சிரித்தார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு இரண்டு மேல்முறையீடு போட்டேன். ஒன்றுக்குப் பதில் இல்லை. இன்னொன்றில் என் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் காலையில் டாக்டர் கட்டு மாற்ற வந்தார். விளக்கை அடித்து வலது கண்ணைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். புதுக் கட்டைப் போட்டுவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

“முடிஞ்சிருச்சும்மா” என்றார். “இனி ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்ல. நிரந்தரம்னு இன்னைக்கு எழுதிட்டேன். நான் அவர்கிட்ட சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

நானே சொல்கிறேன் என்றேன். அந்த நீள வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது மின்தூக்கி திறந்து டாக்டர் ரூபினி வந்துகொண்டிருந்தார். பின்னால் டாரில், ஒரு புகைப்படக்காரர், ஒரு பூச்செண்டு, ‘தடைகளைத் தாண்டி’ என்று எழுதிய பதாகை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் நேராகப் போய்விட்டிருந்தது. என் வாழ்நாளில் நான் கண்ட ஒரே துரிதமான சேவை அதுதான்.

“மேடம், கொஞ்சம் இருங்க, நான் அவர்கிட்ட...” என்று குறுக்கே போனேன்.

“நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், மேடம். எல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்று என் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

வார்டு தகுதி இழந்திருந்ததால் லியோனார்டைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்து அறைக்குத் தள்ளிப்போனார்கள். காதுக் கருவியின் பிளாஸ்டிக் உறையை அவர் முன்னால்தான் பிரித்தார்கள். இந்தத் தடவை விசேஷப் பிரிவு என்பதால் நானும் இருக்கலாம் என்றார்கள், படத்துக்குக் குடும்பம் வேண்டுமாம். கருவிக்குள் ஒரு பெண் குரல் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்லும். கேண்டிடேட் மீதியை முடிக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

அவர் ஒன்றுகூடத் தவறவில்லை. கருவியில் கேட்டது எங்களுக்குக் கேட்கவில்லை, அவருடைய பதில்கள் மட்டும் கேட்டன. கடைசியாக “டிஸ்ட்ராய்ஸ் லிவிங் டிஷ்யூ” என்றார். உயிருள்ள சதையை அழிக்கும். உச்சரிப்பு எவ்வளவு சுத்தம் என்று டாக்டர் ரூபினி டாரிலிடம் மெல்லச் சொன்னார்.

அங்கேயே தேர்ச்சி அறிவித்தார்கள், உயர்ந்த பேண்டில். டாக்டர் ரூபினி பூச்செண்டை லியோனார்டின் மடியில் வைத்துவிட்டுக் கேமரா பக்கம் திரும்பினார். “எங்கள் விசேஷப் பிரிவின் முதல் வெற்றியாளர் இவர். வாங்கிய கருவிகளைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு, இப்படி ஒருவர் வரமாட்டாரா என்று எத்தனை காலம் காத்திருந்தோம்! இன்று அந்தக் காத்திருப்பு முடிந்தது.” டாரில் கைதட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போன சிறிது நேரத்தில் கமலநாதன் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. “அக்கா, கங்கிராட்ஸ்! சிஸ்டத்துல வந்துருச்சு. அண்ணே அன்னைக்கு உள்ளதான் இருந்தாரு! ஜிஎல் அப்ரூவ் பண்ணிட்டேன்கா.”

நான் போனை அணைத்துவிட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். லியோனார்ட் சிரித்துக்கொண்டிருந்தார். பூக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு, கமலநாதனா? ஜிஎல் வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“பாத்தியா! நீதான் பயந்துகிட்டே இருந்த. போ, போயி டாக்டரக் கூப்பிடு. ஆபரேஷன் இன்னைக்கா நாளைக்கான்னு கேளு.”

நான் எழுந்திருக்கவில்லை.

“காலையில உன்ன வெளிய கூப்பிட்டாங்களே, என்னா சொன்னாங்க?”

நான் பூச்செண்டின் ரிப்பனை நேராக்கினேன். பூவின் மேல் இருந்த அவர் விரல்கள் நின்றுவிட்டன.

“கத்தரின்.”

“சொல்லுங்க.”

“காதால கேக்குற பரீட்ச எனக்குக் கிடையாதுன்னு சொன்னாங்கன்னியே. இன்னைக்கு மட்டும் ஏன் கொண்டுவந்தாங்க?”

“காலையில டாக்டர் என்கிட்ட சொன்னதக் கேட்டுத்தாங்க வந்தாங்க” என்றேன்.